அன்னை மீனாம்பாளும் நம் ஆயாக்களும்

அன்னை மீனாம்பாள் சிவராஜ் 1904 டிசம்பர் 26-ஆம் தேதி ரங்கூனில் பிறந்தவர். 1992 நவம்பர் 30-ஆம் தேதி மறைந்தார். 88 வயது நிறைய 26 நாட்களே பாக்கியிருந்தன. பாதி ஆயுசில் போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கே அதிகமாக இருக்கும் நம் மக்கள் வரலாற்றில், இது நீண்ட ஆயுள். அந்த ஆயுள் முழுக்க எதைப் பார்த்தது, எதைச் செய்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

கல்லூரி மாணவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பதில்கள் கிடைக்கும். பெரியாருக்குப் பட்டம் கொடுத்தவர் என்பது ஒன்று. தந்தை சிவராஜின் துணைவியார் என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். ஆனால் இரண்டிலும் ஓர் ஆணின் பெயரைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டுகிறோம். பெரியாருக்கு என்ன செய்தார், சிவராஜுக்கு என்ன உறவு என்பதைத் தாண்டி, மீனாம்பாள் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. நம் வீடுகளிலும் இதே கதைதானே? இன்னாருடைய பொண்டாட்டி, இன்னாருடைய ஆயா என்பதோடு எத்தனை பேரின் வாழ்க்கையை முடித்துக்கொள்கிறோம்!

கடல் கடந்த குடும்பம்

செங்கல்பட்டு, வடார்க்காடு ஜில்லாக்களின் சேரிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக மக்கள் வெளியேறினார்கள். சிலர் கோலார் தங்கவயலுக்கு, சிலர் மலேயாவுக்கு, சிலர் பர்மாவுக்கு. பண்ணையாளின் பிள்ளை பண்ணையாளாகவே சாக வேண்டும் என்றிருந்த ஊரைவிட்டுத் தப்ப, கப்பல்தான் வழி. அப்படிப் போன இடங்களில் ரங்கூனும் ஒன்று. அங்கே வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிக் கப்பல் உரிமையாளராகவும், தமிழ்ப் புலவர்களை ஆதரித்த வள்ளலாகவும் விளங்கியவர் பெ.மா. மதுரைப் பிள்ளை. அந்தக் குடும்பத்து வழியில் வந்தவர் மீனாம்பாள். தந்தையார் வாசுதேவப் பிள்ளை சென்னையில் பொதுவாழ்வில் இருந்தவர். மாநகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் சென்ற ஆதிதிராவிடத் தலைவர்களுள் முன்னோடி. தாயார் மீனாட்சி அம்மாள்.

அந்தக் காலத்தில் நம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்க முடியாது. மீனாம்பாள் ரங்கூனில் கல்லூரிப் படிப்புவரை எட்டினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் மேடையேறிப் பேசும் ஆற்றல் அவருக்கு அங்கிருந்தே வந்தது. பதின்ம வயதிலேயே, தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான வழக்கறிஞர் ந. சிவராஜை மணந்தார்.

சிவராஜ் பிறந்தது 1892 செப்டம்பர் 29. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் நிலங்களை ஒதுக்கச் சென்னை மாகாண அரசு ஆணை போட்டது 1892 செப்டம்பர் 30. ஒரு நாள்தான் வித்தியாசம். அந்த ஆணைக்குக் காரணம், செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலைமையைப் பற்றி எழுதி அனுப்பிய அறிக்கை. அதாவது, நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் சேரிகளைப் பார்த்து எழுதப்பட்ட அறிக்கை. அதே ஜில்லாதான் 1957-இல் சிவராஜை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அப்போது செங்கல்பட்டு, இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. ரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அன்னைக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவை இப்படியும் எண்ணிப் பார்க்கலாம்.

மேடைக்கு வந்த மருமகள்

மீனாம்பாளின் முதல் அரசியல் பேச்சு 1928-இல். சைமன் கமிஷனை ஆதரித்துப் பேசினார். வயது 23. காங்கிரஸ் அந்தக் கமிஷனைப் புறக்கணித்தது, கறுப்புக்கொடி காட்டியது. பாடப்புத்தகத்தில் நாம் படிப்பது இந்த ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் உண்டு. சட்டமன்றத்தில் நமக்கென்று நாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி வேண்டும், பள்ளியில் இடம் வேண்டும், வேலையில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கைகளைச் சொல்ல ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்த வாசல் அது. கதவு திறந்திருக்கும்போது உள்ளே போய்ச் சொல்வதா, வெளியே நிற்பவர்களோடு சேர்ந்து நிற்பதா என்ற கேள்வியில், நம் தலைவர்கள் பலர் உள்ளே போய்ச் சொன்னார்கள். ஊரே எதிர்த்துக் கூச்சலிட்ட நேரத்தில் ஒரு இளம்பெண் மேடையேறி அதைச் சொன்னது சாதாரணத் துணிச்சல் அல்ல.

பத்தாண்டுகள் கழித்து 1938 நவம்பர் 13-ஆம் தேதி சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்களோடு மாநாட்டில் முன்னின்றவர்களில் மீனாம்பாளும் ஒருவர். ஈ.வெ.ராவை இனிப் ‘பெரியார்’ என்றே அழைப்பது என்று அங்கேதான் தீர்மானம் வந்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை ஏற்க மறுத்ததால் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறியது 1925 நவம்பரில் நம் ஊரில் நடந்த மாநாட்டில்தான். நம் ஊரில் கட்சியைவிட்டுப் போனவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பெண்கள் பெயர் வைத்தார்கள்.

பெயர் வைப்பது நம் சமூகத்தில் யார் வேலை? பிள்ளைக்குப் பெயர் வைப்பது வீட்டின் மூத்தவர்கள். நம்மை நோக்கி இழிபெயர் வைத்தே பழகியது ஊர். ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசின் ஏட்டில் ஏற்றவே 1922 வரை போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு பெண், நாட்டின் பெருந்தலைவர் ஒருவருக்குப் பெயர் சூட்டிய சபையில் முன்வரிசையில் நின்றார். இதைத் துணுக்குச் செய்தியாக அல்ல, உரிமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பாபாசாகேப் அழைத்த தங்கை

1942 ஜூலையில் நாகபுரியில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவரானவர் சிவராஜ். மீனாம்பாள் தென்னாட்டில் அந்த அமைப்பின் முகமாக நின்றார். 1944 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் சென்னை வந்தபோது நடந்த கூட்டமைப்பு நிகழ்ச்சிகளில் அவருடைய பங்கு பெரிது. 1945 மே மாதம் பம்பாயில் நடந்த கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் மீனாம்பாள். மராட்டியப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாய் இயக்கத்துக்கு வந்துகொண்டிருந்த ஊரில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். அண்ணல் அவரைத் தங்கையாகவே பாவித்தார், தன் வீட்டுக்கு வந்தபோது தானே சமைத்துப் பரிமாறினார் என்பது இயக்கத்தவர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

சென்னை மாநகராட்சி உறுப்பினர், கௌரவ மாஜிஸ்ட்ரேட் என்று பல பொறுப்புகளையும் மீனாம்பாள் ஏற்றிருந்தார். கௌரவ மாஜிஸ்ட்ரேட் என்றால் வழக்கு விசாரிக்கும் நாற்காலி. சேரிப் பெண் என்றால் குற்றவாளிக் கூண்டில்தான் இருப்பாள் என்று நினைத்த காலத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை விசாரித்தார்.

சிவராஜ் 1945-இல் சென்னை மேயரானார். 1957 அக்டோபரில் இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 1964 செப்டம்பர் 29-ஆம் தேதி, பிறந்த நாளன்றே மறைந்தார். அன்னைக்கு அப்போது 60 வயது ஆகவில்லை. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் இருந்தார். இயக்கம் பிளந்ததையும், தலைவர்கள் பிரிந்ததையும், பழைய தோழர்கள் ஒவ்வொருவராகப் போனதையும் பார்த்தபடி வாழ்ந்த ஆண்டுகள் அவை. வரலாறு எழுதுகிறவர்கள் இந்த 28 ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மூத்தவள் தேவைப்படுவது அந்தக் காலத்தில்தான். நடந்ததை நடந்தபடி சொல்ல ஆள் இருக்கிறது என்ற தைரியம்தான் பின்னால் வருகிறவர்களை நிமிர்ந்து நிற்க வைக்கிறது.

ஓர் ஆயுளில் எத்தனை சட்டங்கள்

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுச் சாவடி எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924. அவரும் நம் பழைய ஜில்லாக்காரர்தான். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம். அப்போது மீனாம்பாளுக்கு 20 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் நுழைவுச் சட்டம் 1947. அவருக்கு 42 வயது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950. அவருக்கு 45. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955. அவருக்கு 50. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அவருக்கு 84.

அதே 1904-இல் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு சேரியில் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். வரதர் கோயிலின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரம். காமாட்சியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரம். 42 வயதுவரை அவள் உள்ளே போகச் சட்டத்திலேயே இடமில்லை. அதற்குள் அவள் பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.

சரி, 1947-இல் சட்டம் வந்தது. மறுநாளே அவள் உள்ளே போனாளா? 1924-இல் தீர்மானம் வந்தது. மறுநாளே ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்கினாளா? இல்லை என்று நமக்குத் தெரியும். சட்டம் வந்த ஆண்டு ஒன்று. அந்தச் சட்டம் நம் தெருவுக்கு வந்து சேர்ந்த ஆண்டு வேறொன்று. முதலாவது ஆண்டு அரசிதழில் இருக்கிறது. போட்டித் தேர்வுப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது ஆண்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஆயாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் தலித் மக்களின் உண்மையான வரலாறு. சில ஊர்களில் அது பத்து ஆண்டு. சில ஊர்களில் ஐம்பது ஆண்டு. சில தெருக்களுக்குச் சட்டம் இன்னும் வந்து சேரவே இல்லை.

தறியடியில் போன பிள்ளைப்பருவம்

காஞ்சிப் பட்டு என்றால் உலகமே மெச்சுகிறது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இணைத்து நெய்ய மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி ஒருவரால் மட்டும் ஆகாது. மறுபக்கத்திலிருந்து நாடாவை எறிந்து கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை, பல காலம், பிள்ளையின் கையாகவே இருந்தது.

சொந்தத் தறிக்காரர் வீட்டில் அது அவர்கள் பிள்ளை. நெசவு சுற்றுக் கிராமங்களுக்குப் பரவியபோது, ஏழைக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் ஏராளம். வழி எளிது. வீட்டில் சாவு, கல்யாணம், வைத்தியச் செலவு என்று ஏதாவது வரும். தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியடிக்குப் போக வேண்டும். கூலியோ கடனை அடைக்கப் போதாது. பெரிய பிள்ளை வளர்ந்து வேறு வேலைக்குப் போனால் அந்த இடத்துக்குச் சின்னப் பிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஆனாலும் தொண்ணூறுகள்வரை, அதற்குப் பிறகும்கூட, இந்தக் கணக்கு ஓடியது.

அன்றைக்குத் தறியடிக்குப் போன பிள்ளைகள் இன்றைக்கு அம்மாவாகவும் ஆயாவாகவும் இருக்கிறார்கள். எத்தனை வயதில் போனார்கள், எவ்வளவு முன்பணம், யார் மீட்டார்கள், எந்த ஆண்டில் பள்ளிக்குத் திரும்பினார்கள் அல்லது திரும்பவே இல்லையா என்பதையெல்லாம் அவர்களே சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் பளபளக்கும் சேலையில் இவர்களின் பிள்ளைப்பருவம் எத்தனை இழை என்று வேறு யாருக்கும் தெரியாது.

நாலெல்லை அறிந்தவள்

மீனாம்பாள் பேசியதை அச்சிடப் பத்திரிகைகள் இருந்தன. அவர் தலைமை வகித்த மாநாடுகளுக்குத் தீர்மானப் புத்தகம் இருந்தது. அதனால்தான் இன்றைக்கு நாம் தேதியோடு பேச முடிகிறது. நம் ஆயாக்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் போனால் அவர்களோடு போவது வெறும் கதையல்ல. பல நேரம் நிலமே போகிறது.

பஞ்சமி நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது. அதற்குப் பிறகு விற்பதானாலும் நம் மக்களுக்குள்தான் விற்க வேண்டும். அப்படியும் நிலம் எப்படிக் கைமாறியது? கள்ளுக்கடைப் பாக்கிக்கு ஒரு கைநாட்டு, நெல் கடனுக்கு ஒரு கைநாட்டு. 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது அனுபவத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறிய ஊர்களும் உண்டு. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் நம் மாவட்டம் மறக்க முடியாது.

அந்த நிலங்களை மீட்க இன்றைக்கு மனு எழுதுகிறவர்களுக்குப் பழைய சர்வே எண் வேண்டும். பழைய எண்ணைத் தேட, நிலம் எது என்று தெரிய வேண்டும். கிழக்கே ஏரிக்கால்வாய், மேற்கே இன்னார் களம், தெற்கே பனைமரம் மூன்று என்று நாலெல்லை சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அங்கே நாற்று நட்ட, களை பறித்த மூதாட்டிதான். அவர் சொல்வதை எழுதி, தேதி போட்டு, சாட்சியோடு வைத்துக்கொண்டால் தேடலுக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். அவர் போன பிறகு அழுது பயனில்லை.

மாணவர்கள் செய்ய வேண்டியது

அன்னை மீனாம்பாளுக்கு மாலை போடுவது நல்லதுதான். சென்னையில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஏதாவது ஓர் ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதிக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கிராமசபையில் தீர்மானம் போடலாம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் உட்காருங்கள்.

ஆயாவின் ஆயா பெயர் என்ன? எந்த ஊர்? பர்மாவுக்கோ, கோலாருக்கோ, மலேயாவுக்கோ போனவர்கள் உண்டா? ஊர்த் தெருவில் முதன்முதலில் செருப்போடு நடந்தது யார்? ஊர்க் கிணற்றில் எப்போது தண்ணீர் சேந்தினீர்கள்? டீக்கடையில் தனிக் குவளை எப்போது போனது, அல்லது போனதா? கோயிலுக்குள் எப்போது போனீர்கள்? நமக்கு நிலம் எங்கே இருந்தது? யாரிடம் போனது? தறிக்கு முன்பணம் வாங்கினீர்களா? குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போன பெண் யார்?

ஆண்டு கேட்டால் ஆயாவுக்குச் சொல்ல வராது. அதற்கும் வழி இருக்கிறது. நம் ஊருக்கென்று நாள்காட்டி உண்டு. அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியது 1979-இலும் 2019-இலும். நம் காஞ்சி அண்ணா முதலமைச்சரானது 1967. அவர் இறந்தது 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ‘அது அத்திவரதருக்கு முன்னாடியா பின்னாடியா? அண்ணா செத்தப்போ உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேளுங்கள். ஆண்டு தானாக வந்து விழும். 1979-இல் ஊரே திரண்டு அத்திவரதரைப் பார்த்தது. அப்போது சட்டம் வந்து 32 ஆண்டு ஆகியிருந்தது. ஆயா போனாளா, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு பதிலே உங்கள் ஊர் வரலாற்றின் முதல் பக்கம்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். அவர் பேச்சைத் திருத்தி, ‘நல்ல தமிழ்’ ஆக்க வேண்டாம். சொல்ல விரும்பாததைத் துருவ வேண்டாம். சில காயங்களைத் திறக்க அவருக்கு மட்டும்தான் உரிமை. கடைசியில் அவர் பெயரை முழுதாக எழுதி, ஊர், தேதி போட்டு, வாசித்துக் காட்டுங்கள். தன் வாழ்க்கையை எழுத்தில் கேட்கிற முதல் தருணமாக அது அவருக்கு இருக்கலாம்.

மீனாம்பாள் அன்னையின் பெயர் நமக்கு மிஞ்சியது, யாரோ எழுதி வைத்ததால். நம் ஆயாக்களின் பெயர் மிஞ்ச வேண்டுமானால் எழுத வேண்டியவர்கள் நாம்தான். எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுத்ததே அந்தக் கிழவிகள்தானே.